லேபிளை மூடு... மூக்கைத் திற!

நகரங்களில் நடக்கும் ஒயின் ருசி மாலைகள் எதைக் கற்றுத் தருகின்றன? யாருக்கு லாபம்?

பெங்களூரு நட்சத்திர ஓட்டல் ஒன்றின் சின்னக் கூடம். வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணி. நீள மேசையில் வெள்ளை விரிப்பு. ஒவ்வொருவர் முன்பும் ஆறு கண்ணாடிக் கோப்பைகள், ஒரு வெள்ளைத் தாள், பென்சில், உப்பில்லாத பிஸ்கட், தண்ணீர். இரண்டு பேருக்கு ஒரு படிக்கம். மேசை நடுவே ஆறு பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் கழுத்துவரை அலுமினியத் தாள் சுற்றி, மேலே எண் மட்டும் எழுதியிருக்கிறார்கள். செண்ட் பூசிக்கொண்டு வராதீர்கள் என்று அழைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

முதல் நான்கு கோப்பைகள் சுமுகமாகப் போகின்றன. ஐந்தாவதில்தான் சிக்கல். ஒருவர் மிளகு வாசம் அடிக்கிறது என்கிறார். எதிரே இருக்கும் பெண்மணி உடனே ஆமோதிக்கிறார்: ரசத்துக்கு மிளகு தட்டும்போது எழும் அதே நெடி. பக்கத்து நாற்காலிக்காரர் கோப்பைக்குள் மூக்கை விட்டு மறுபடி மறுபடி முகர்கிறார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து ஆமாம் போட்டுவிடலாமா என்று தயங்குவது முகத்தில் தெரிகிறது.

அவர் ஆமாம் போட வேண்டியதே இல்லை. அந்தக் கோப்பையில் இருப்பது ஷிராஸ் திராட்சையின் ஒயின். அதில் மிளகு வாசம் தருவது ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள். நம் வீட்டு மிளகுக்கு மணம் தருவதும் இதுதான். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2008-ல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கூடவே இன்னொன்றையும் கவனித்தார்கள். சுமார் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை, அளவைக் கூட்டிக் கொடுத்தாலும் தெரிவதில்லை. இருபது பேர் உட்கார்ந்த கூடத்தில் நான்கு பேருக்கு அந்த மிளகு வராமல் போகலாம். அது ரசனைக் குறைவு இல்லை, மூக்கின் அமைப்பு.

ஒரு ருசி மாலை நேர்மையாக நடக்கிறதா என்பதற்கு என்னைக் கேட்டால் இது ஒன்றே சோதனை. தனக்கு வராத வாசனையை வரவில்லை என்று ஒருவரால் அங்கே சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் அது வகுப்பு. முடியாவிட்டால் அது கடை.

விற்காத பீப்பாயில் தொடங்கிய கதை

ஆள் கூட்டி, விளக்கம் சொல்லி, ருசி பார்க்க வைக்கும் பழக்கத்தின் தொடக்கமே விற்பனைதான். 1874-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் நிலவறையில் போர்ச்சுகல் ஒயின் பீப்பாய்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. பொருட்காட்சிக்காக வந்த சரக்கு. அந்த மண்டபத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவரான ஹென்றி ஸ்காட் அவற்றைத் தீர்ப்பதற்காக விருந்துகள் வைத்தார். வந்தவர்களுக்குப் பிடித்துப்போக, உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவுச் சங்கம் ஒன்று பிறந்தது. ‘தி ஒயின் சொசைட்டி’ என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. 1933-ல் ஆந்த்ரே சிமோன் என்ற பிரெஞ்சுக்காரர் அதே லண்டனில் ஒயின் - உணவுச் சங்கம் ஒன்றைத் தொடங்க, அதன் கிளைகள் பல நாடுகளுக்கும் போயின. 1953-ல் ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ பட்டத்துக்கு முதல் தேர்வு நடந்தது.

இந்தியாவில் டெல்லி ஒயின் கிளப் 2002-ல் வந்தது. 2005-ல் நாசிக்கின் சுலா தோட்டம், வருகிறவர்கள் ருசி பார்ப்பதற்கென்றே ஒரு கூடம் திறந்தது. 2016-ல் மும்பையின் சோனல் ஹாலண்ட் மாஸ்டர் ஆஃப் ஒயின் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். மும்பை, புனே, பெங்களூரு, டெல்லி என்று கிளப்புகள் வந்துவிட்டன. சென்னையில் இது நட்சத்திர ஓட்டல்களுக்கும் பழைய கிளப்புகளுக்கும் உள்ளேதான் நடக்க முடியும். 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கிளப்புக்கு எஃப்.எல்.2, நட்சத்திர ஓட்டலுக்கு எஃப்.எல்.3 உரிமம் வேண்டும்.

_______________
பெட்டிச் செய்தி
யவனர் கப்பலில் வந்த தேறல்

தமிழ் நிலத்துக்கு ஒயின் புதிதில்லை. யவனர்கள் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் அருந்துவதை நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56-ஆம் பாட்டு சொல்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைப்பிடி ஜாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் ஏற்றிவந்த ஜாடிகள் அவை.
_______________

பாரிஸில் விழுந்த அடி

பாட்டிலை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று உலகத்துக்குக் காட்டியவர் ஒரு வாத்தியார். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்தார். கூடவே ருசி வகுப்பும் நடத்தினார். 1976 மே 24 அன்று, சக ஊழியர் பட்ரீசியா கேலகருடன் சேர்ந்து ஒன்பது பிரெஞ்சு நிபுணர்களை ஓர் ஓட்டலுக்கு அழைத்தார். பிரான்ஸின் பெயர்பெற்ற ஒயின்களும் கலிஃபோர்னியா ஒயின்களும் கலந்து, லேபிள் தெரியாமல் ஊற்றப்பட்டன. பெரிய செய்தியாகும் என்று யாரும் நினைக்கவில்லை. ‘டைம்’ பத்திரிகையின் ஜார்ஜ் டேபர் ஒருவர்தான் நிருபராக வந்திருந்தார்.

கையில் வரிசைப் பட்டியல் இருந்த டேபருக்கு எந்தக் கோப்பையில் எது என்று தெரியும். கலிஃபோர்னியா ஒயினைக் குடித்துவிட்டு, ஆகா, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்று ஒரு நிபுணர் பூரிப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டார். முடிவில் வெள்ளை ஒயினில் சாட்டோ மாண்டலீனா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம் பெற்றன. இரண்டுமே கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் தயாரானவை. பிரெஞ்சு ஒயின் இதழொன்றின் ஆசிரியராக இருந்த ஓடெட் கான், தான் மதிப்பெண் எழுதிய தாளைத் திருப்பித் தரும்படி கேட்டார். தரப்படவில்லை.

நாபாவின் பெயரும் நிலத்தின் விலையும் அதன் பிறகு ஏறிய கதை பலருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. இன்ன மண்ணில்தான் நல்ல ஒயின் விளையும் என்ற முடிவு அன்றோடு கேள்விக்குள்ளானது. ஆஸ்திரேலியாவும் சிலியும் பின்னால் நாசிக்கும் துணிந்து பாட்டிலை நீட்ட முடிந்ததில் அந்த மாலைக்கும் பங்குண்டு.

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கல்யாணக் கதையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பந்தி விசாரிப்புக்காரன் அந்தத் திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று அறியாமல்தான் ருசி பார்க்கிறான். அறியாததால்தான் அவன் சொன்ன சொல்லுக்கு மதிப்பு.

விலைச்சீட்டு நாக்கை ஆளும்போது

2001-ல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக, போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் பழ வாசனைகளை எல்லாம் அந்த மாணவர்கள் அதில் கண்டார்கள். 2008-ல் வெளியான இன்னொரு கலிஃபோர்னியா ஆய்வில், ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் மறுமுறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். 90 டாலர் என்று சொன்னபோது இன்பத்தை உணரும் பகுதி அதிகமாக வேலை செய்தது. ஆக, அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையைக் கேட்டதும் நிஜமாகவே ருசி கூடிவிடுகிறது.

நிபுணர்களும் தப்பவில்லை. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் நடுவர்களுக்கு ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை ஊற்றித் தரச் செய்தார். சுமார் பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டார்.

அப்படியானால் எல்லாமே ஏமாற்றா? அப்படி முடிவு கட்டுபவர்கள் அவசரக்காரர்கள். 6,000-க்கும் மேற்பட்ட மூடிய ருசிகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், பழக்கமில்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் கொஞ்சம்கூட அதிகமாகப் பிடிக்கவில்லை. சொல்லப்போனால் சற்றுக் குறைவாகவே பிடித்தது. ஆனால் பயிற்சி பெற்றவர்களிடம் அப்படி இல்லை. விலை கூடிய ஒயினில் அவர்கள் ஏதோ ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். பயிற்சிக்குப் பலன் உண்டு. அதைக் கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் என்ற பேராசிரியை 1984-ல் வாசனைச் சக்கரம் ஒன்றை வெளியிட்டார். கம்பீரமானது, நளினமானது என்ற வெற்றுப் புகழ்ச்சிக்கு அதில் இடமில்லை. மிளகு, எலுமிச்சை, புல், தேன் என்று முகர்ந்து பார்க்கக்கூடியவை மட்டும்தான். வாசமற்ற சாதாரண ஒயினில் நிஜமான குடைமிளகாய்த் துண்டையோ மிளகையோ ஊறப்போட்டு, முகர்ந்து பழகுங்கள் என்றார். நம் ஊர் மாலைகளில் இன்னும் பிளாக்கரன்ட்டையும் பிளாக்பெர்ரியையும் சொல்லி மிரட்டுகிறார்கள். அந்தப் பழங்களைக் கண்ணால் பார்க்காதவர் என்ன செய்வார்? ஒரு கிண்ணத்தில் நாவல்பழமும் இன்னொன்றில் கொய்யாவும் நறுக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

_______________
பெட்டிச் செய்தி
மூக்குக்குத் தெரியும் ரசாயனம்

மிளகு: ரோட்டண்டோன். ஷிராஸில்.
பச்சைக் குடைமிளகாய்: மெத்தாக்ஸிபைரசின். கபர்னே சாவிஞான், சாவிஞான் பிளாங்க்.
ரோஜா: ஜெரானியால், லினலூல். மஸ்கட் வகைகள்.
வெண்ணெய்: டைஅசிட்டைல். இரண்டாம் நொதிப்பில் பாக்டீரியா உண்டாக்குவது.
நனைந்த அட்டைப்பெட்டி: டி.சி.ஏ. கார்க் கெட்டதன் அடையாளம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் சில பங்கு ஒரு லிட்டரில் கலந்தாலே போதும், ஒயின் கெடும். இந்த நெடி வந்தால் பாட்டிலைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.
_______________

லேபிளைக் குடித்தவர்கள்

மூடாத லேபிள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரூடி குர்னியவான் கதை. இந்தோனேசியாவில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த இளைஞர். பணக்கார ரசிகர்களின் ருசிக் கூட்டங்களில் தாராளமாகப் பழைய பாட்டில்களைத் திறந்தார். நம்பிக்கை வளர்ந்ததும் ஏலத்துக்குப் பாட்டில்கள் அனுப்பினார். 2008-ல் நியூயார்க் ஏலம் ஒன்றுக்கு வந்த அவருடைய சரக்கில் பொன்சோ தோட்டத்தின் குளோ சாந்தெனி 1945 முதல் 1971 வரை என்று போட்டிருந்தது. அந்தத் தோட்டம் அந்த ஒயினைத் தயாரிக்கத் தொடங்கியதே 1982-ல்தான். தோட்டக்காரர் லோரான் பொன்சோ விமானம் ஏறி வந்து ஏலத்திலிருந்து அவற்றை விலக்கச் செய்தார்.

2012-ல் கைதானபோது குர்னியவான் வீட்டில் பழைய பெயர்களில் அச்சிட்ட லேபிள்களும் கார்க்குகளும் அடுக்கடுக்காக இருந்தன. 2014-ல் பத்தாண்டுச் சிறை. அவ்வளவு காலம் அவரோடு உட்கார்ந்து குடித்தவர்கள் ஏமாளிகள் அல்ல, பல வருடம் ருசி பார்த்தவர்கள். பெயரைப் பார்த்த பிறகு ருசி பார்த்தார்கள். அவ்வளவுதான்.

கோப்பையை நிரப்புவது யார்?

இந்தியத் தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை உண்டு. வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாத பொருளுக்கு ருசி மாலை அருமையான மேடை. வழிகாட்டி பேசுகிறார், கோப்பை நிறைகிறது, வாசலில் ஆர்டர் எடுக்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் ஆறு ஒயின்களை வரிசையாக ஊற்றி, கடைசியில் வருவதுதான் உயர்ந்தது என்று விலையோடு சொல்லும் மாலைக்கு வகுப்பு என்று பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கட்டணம் வாங்கும் கிளப், பாட்டில்களைத் தன் காசில் வாங்கியதா, இனாமாக வந்ததா என்று உறுப்பினர்கள் கேட்டே ஆக வேண்டும்.

இறக்குமதி ஒயினில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இந்தியா நெடுங்காலமாக அதற்கு 150 சதவீதச் சுங்கவரி போட்டுவந்தது. அதற்கு மேல் மாநில வரிகள். ஐரோப்பாவில் அன்றாடச் சாப்பாட்டோடு வைக்கும் ஒயின் இங்கே வந்து சேரும்போது அபூர்வப் பொருளின் விலையில் நிற்கும். விலையைப் பார்த்து மதிப்புப் போட்டால் நாம் ருசிப்பது சுங்கவரியை. 2022 டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம், ஐந்து டாலருக்கு மேற்பட்ட பாட்டில்களுக்கு வரியை முதலில் 100 சதவீதமாகவும், பதினைந்து டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு 75 சதவீதமாகவும் குறைத்தது. பத்தாண்டுகளில் அவை முறையே 50, 25 என்று இறங்கும். அதே மேசையில் நாசிக் ஒயினும் ஆஸ்திரேலிய ஒயினும் விலையில் நெருங்கும்போது, மூடிய பாட்டில்தான் இரண்டுக்கும் நியாயம் செய்யும்.

நாசிக்: சந்தையில் விற்க முடியாத பழம்

இந்த மாலைகளின் விளைவு போய் முடிகிற இடம் தோட்டம். அமெரிக்காவில் மென்பொருள் நிறுவன வேலையை விட்டுவந்த ராஜீவ் சமந்த், 1997 வாக்கில் நாசிக்கில் ஒயின் திராட்சை நட்டார். 2000-ல் சுலாவின் முதல் ஒயின் வந்தது. அடுத்த ஆண்டு மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் கொள்கையை அறிவித்துச் சலுகைகள் கொடுத்தது. ஒயின் திராட்சைக்கு விவசாயிகள் கூட்டமாக மாறினார்கள்.

அங்கே ஆண்டுக்கு இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர் - அக்டோபரில் ஒன்று. அறுவடை ஒன்றுதான், ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை. ஐரோப்பாவில் கொடி உறங்கும் குளிர்காலத்தில் நாசிக்கில் பழம் பழுக்கிறது. நட்டு மூன்றாம் ஆண்டில்தான் சரியான மகசூல். பழமோ சின்னது, தோல் தடிப்பு, உள்ளே விதை. தாம்சன் விதையில்லாத் திராட்சை சாப்பிட்டுப் பழகிய ஊரில் ஷிராஸைக் கூறுகட்டி விற்க முடியாது. ஆலை வாங்கவில்லை என்றால் வேறு போக்கிடம் கிடையாது.

2008 இறுதியில் அதுதான் நடந்தது. மும்பைத் தாக்குதலும் உலகப் பொருளாதாரச் சரிவும் சேர்ந்து ஓட்டல்கள் காலியாயின. ஒயின் தேங்கியது. பெரிய நிறுவனம் ஒன்று நொடித்தது. பழம் கொடுத்தவர்களுக்குப் பணம் வரவில்லை. பலர் கொடியைப் பிடுங்கிவிட்டுச் சாப்பாட்டுத் திராட்சைக்கே திரும்பினார்கள். மும்பை ஓட்டல் கூடத்தில் எந்த ஒயின் பேசப்படுகிறது என்பது நூற்றறுபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குடும்பத்தின் மூன்று வருட உழைப்பைத் தீர்மானிக்கிறது. பெயருக்காக வெளிநாட்டு பாட்டிலைத் தூக்கிப்பிடிக்கும் வழிகாட்டி இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நாசிக்கில் விளைந்தது என்பதற்காகவே சுமாரானதைப் புகழ்ந்தாலும் கெடுதல்தான். அடுத்த ஆண்டு அந்த ஒயின் தேறாது.

2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க மகாராஷ்டிர அமைச்சரவை அனுமதித்தபோதும் விவசாயிகளின் பெயரைத்தான் சொன்னார்கள். அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

படிக்கம் எதற்கு இருக்கிறது?

ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு ஏறக்குறைய எல்லா மாலையிலும் எழும். 1991-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, கொழுப்பு தின்னும் பிரெஞ்சுக்காரர்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பதைச் சிவப்பு ஒயினோடு சேர்த்துப் பேசியதும் அங்கே விற்பனை எகிறியது. அந்த அலையில் வந்த பேச்சு இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் வைத்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகச் சொன்னது. குடியால் தாலியும் வீடும் இழந்த குடும்பங்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் மாநிலத்தில், கலாசாரம் என்ற சொல்லை வைத்து இதை மறைப்பது பெரும் தவறு.

தொழில்முறை ருசியாளர்கள் விழுங்குவதில்லை. காலையிலேயே ஐம்பது அறுபது ஒயின் பார்ப்பவர்கள், வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். வாசனையில் பெரும்பகுதி மூக்கிலும் அண்ணத்தின் பின்னாலும்தான் தெரிகிறது. விழுங்கினால்தான் தெரியும் என்று ஒன்றும் இல்லை. படிக்கம் இல்லாத மேசையையோ, இருந்தும் துப்புவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் கூட்டத்தையோ கண்டால் எழுந்து வந்துவிடுவது நல்லது.

_______________
பெட்டிச் செய்தி
ஆறு கோப்பையின் கணக்கு

ஒரு கோப்பைக்கு 50 மில்லி என்றால் ஆறு கோப்பை 300 மில்லி. 13 சதவீத ஒயினில் இது சுமார் 30 கிராம் ஆல்கஹால். இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஆறையும் விழுங்கிய 60 கிலோ எடையுள்ளவர் இரண்டு மணி நேரம் கழித்தும் அந்த வரம்பைத் தாண்டியிருக்கக்கூடும்.
_______________

கம்பத்துக்கு ஒரு நியாயமான சோதனை

கிறிஸ்துமஸுக்கு ஒன்றரை மாதம் முன்பே ஒயினுக்காக ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் போட்டு வேடுகட்டும் வீடுகளில் வாங்குவது பெரும்பாலும் பன்னீர் திராட்சைதான். உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று சொல்லும் வகை இது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விலை விழும்போதெல்லாம் ஒயின் ஆலை வேண்டும் என்ற குரல் தேனிப் பக்கம் எழும்.

நாசிக் விவசாயிக்கு இல்லாத ஒரு வசதி கம்பத்துக்காரருக்கு உண்டு. அவருடைய பழத்தைக் கடித்தும் தின்னலாம், பிழிந்து நொதிக்கவும் வைக்கலாம். ஆலை கைவிட்டால் லாரி ஏற்றிச் சந்தைக்கு அனுப்ப முடியும். சந்தை விழுந்தால் ஆலை தாங்கும். ஆனால் ஆலை வேண்டுமா என்று பேசும் முன் தெரிய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பழத்தில், அந்த வெயிலில், ரோஜா மணம் கெடாமல் நல்ல ஒயின் வருமா? அல்லது சர்க்கரை கலந்த பானம்தான் வருமா? வருடக் கணக்கில் பழகிய மூக்குகள் சென்னை, பெங்களூரு கிளப்புகளில் இருக்கின்றன. சோதனைக்குச் சில லிட்டர் ஒயின் செய்து, மற்ற ஊர் மஸ்கட் ஒயின்களோடு கலந்து, எண் மட்டும் ஒட்டி அவர்கள் முன் வைத்தால் பதில் கிடைத்துவிடும். அந்தப் பதில் சாதகமாக இல்லாவிட்டாலும் அதை விவசாயியிடம் உள்ளபடி சொல்ல வேண்டும். கொடி நடும் முன்பே சொல்ல வேண்டும்.